மின்கலத்தில் கரியின் பணி



நான் ஆசிரியனாய் இருந்த நாளில், தீர்ந்துபோன டார்ச்சு மின்கலம் ஒன்றை வகுப்பில் அறுத்துக் காட்டுவது வழக்கம். வெளியே துத்தநாக உறை அரிபட்டிருக்கும்; நடுவிலுள்ள கரிக்கோலோ தேயாமல் இருக்கும். “ஐயா, துத்தநாகம் தேய்ந்து உழைக்கிறது, கரி என்ன செய்கிறது?” என்று ஒரு மாணவன் வினவினான். “மின்சாரம் செல்ல வழிவிட்டு வாளா நிற்கிறது” என்றேன். அக்கலத்துக்கு அவ்விடை ஒருவாறு பொருந்தும். எல்லாக் கலங்களுக்கும் பொருந்தாது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பகலில் கதிரவன் ஒளியால் பெறும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது எவ்வாறு? அதற்குதவும் கருவிகளுள் ஒன்று பாய்வு மின்கலம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், மரியா ஸ்கைல்லாஸ்-கசாகோஸ் அம்மையாரும் குழுவினரும் 1980களில் வனேடியத்தைக் கொண்டு இதனை உருவாக்கினர். கந்தக அமிலத்திற் கரைந்த வனேடியம் இரு தொட்டிகளில் இருக்கும். பம்புகள் அக்கரைசல்களைக் கலத்தினுள் செலுத்தும். கலத்தின் நடுவே மெல்லிய சவ்வு. அதன் இருமருங்கும் கரியாலான மின்வாய்கள். ஆற்றல் தங்குவது தொட்டிகளில். எலக்ட்ரான்கள் கைமாறுவதோ கரியின் மேற்பரப்பில்.

கரியை ஏன் தேர்ந்தனர்? அது மின்சாரத்தைக் கடத்தும், உலோகங்கள் பலவற்றை அரிக்கும் அமிலத்திலும் நிலைத்து நிற்கும், விலையும் மிகுதியன்று. ஆனால் வழவழப்பான கோலில் பரப்புக் குறைவு. ஆகவே செயற்கை இழைகளைக் கரியாக்கி, கம்பளம்போற் செறித்துப் பயன்படுத்துகின்றனர். இழைகளினூடே கரைசல் பாயும்.

இங்கும் ஓர் இடர் உண்டு. புதிய கரியிழை, தாமரையிலைபோல் நீரை ஒட்டவிடாது. நனையாத பரப்பு இருந்தும் பயனில்லை. 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அக்கம்பளத்தைக் காற்றில் 400 பாகை செல்சியசில் 30 மணி நேரம் சுட்டனர். கரியின்மேல் ஆக்சிஜன் பிணைந்தது. கரைசல் நன்கு படிந்தது. எலக்ட்ரான் மாற்றமும் எளிதாயிற்று. முன்னர் நூறு பங்கு ஆற்றலில் 78 பங்கே திரும்பியது. சுட்டபின் 88 பங்கு திரும்பியது.

பத்துப் பங்குதானே என எண்ணற்க. சீனாவின் டாலியன் நகரில் 2022-இல் மின்தொகுப்புடன் இணைந்த வனேடிய நிலையம் 4,00,000 யூனிட் சேமிக்க வல்லது. அத்தகைய நிலையத்தில் நூற்றுக்குப் பத்து வீணாயின், ஒரு முறைக்கே 40,000 யூனிட் இழப்பாகும்.

எனினும் அளவு வேண்டும். மிகையாகச் சுட்டால் இழை எரிந்து வலுவிழக்கும். கம்பளத்தை இறுக அமுக்கினால் மின்தடை குறையும். ஆனால் கரைசல் புக இடமின்றிப் பம்பு மிகுதியாக உழைக்க நேரும்.

அம்மாணவன் இன்று என்முன் வந்தால், “தம்பி, கரி தேயாதிருப்பதைக் கண்டு அது உழைக்கவில்லை என்று எண்ணிவிட்டோம். கொடுக்கல் வாங்கல் நடக்கும் களமே அதுதான், அக்களம் செம்மையுற்றால் இழப்புக் குறையும்” என்பேன்.