கையிருப்பும் கணக்கும்

சிங்கப்பூர் தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. பேரங்காடிகள் பொருளை மிகுதியாக வரவழைத்தால் வீணாகும். குறைவாக வரவழைத்தால் அடுக்குகள் காலியாகும். ஆகவே, விநியோகச் சங்கிலியைச் சீராக நடத்தக் கணக்கு தேவைப்படுகிறது.

ஒரு கடையில் நாளொன்றுக்கு 40 பை அரிசி விற்பனையாவதாகக் கொள்வோம். புதிய சரக்கு வந்துசேர 5 நாள்கள் ஆகும். அதற்குள் 200 பைகள் விற்றுவிடும். எதிர்பாராத தேவைக்காக மேலும் 60 பைகள் வேண்டும். எனவே, கையிருப்பு 260 பைகளாகக் குறைந்தவுடன் புதிய சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும். இன்று ஒவ்வொரு விற்பனையும் இணையம்வழி உடனுக்குடன் பதிவாவதால், கணினியே இதனைக் கணக்கிடுகிறது.

ஆயினும், 2020 பிப்ரவரியில் கொவிட்-19 அச்சத்தால் மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தபோது அடுக்குகள் காலியாயின. பழைய விற்பனையைக் கொண்டு போடும் கணக்கு, திடீர் அச்சத்தை அறியாது. தேவைக்கேற்ப வாங்கும் பழக்கமே அக்கணக்கைப் பொய்க்காமல் காக்கும்.