ராஜா விட்டுப்போன நாற்காலி!
30 ஆண்டு சிரிக்க வைத்தவருக்குப் பின்னால் வந்தவர்கள் பட்ட பாடு

கைராசிக்காரியான மாமியாருக்குப் பிறகு, மருமகள் அடுப்படிக்குப் போகிறாள். குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும், "அம்மா வைத்த மாதிரி இல்லையே!" என்கிறார்கள்.

அமெரிக்காவில் டெலிவிஷன் சிரிப்பு நடிகர்களுக்கும் இதே கஷ்டம் உண்டு.

இரவு 11½ மணி

அங்கே இரவு 11½ மணி வாக்கில் ஒருவர் டெலிவிஷனில் தோன்றுவார். அன்றைய செய்திகளைக் கேலி செய்வார். பிறகு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, விருந்தாளிகளோடு பேசுவார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மக்கள் தூங்கப் போவார்கள்.

இதில் புகழ் பெற்றது "டுநைட் ஷோ". என்.பி.சி. நிலையம் 1954-ல் இதைத் தொடங்கியது.

1957-ல் ஜாக் பார் என்பவர் அதை நடத்த வந்தார். அவர் கோபக்காரர். 1960-ல், தான் சொன்ன ஒரு சிரிப்புத் துணுக்கை நிலையத்தார் வெட்டியதால், நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்! சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார்.

1962-ல் அவர் விலகினார். அந்த இடத்துக்கு ஜானி கார்சனை அழைத்தார்கள். கார்சன் முதலில் மறுத்தார். பிறகு சம்மதித்தார்.

தயங்கி வந்த அவர், 30 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்! ஜாக் பாரை மக்கள் மெல்ல மறந்தார்கள்.

இருவர் போட்டி

1992-ல் கார்சன் ஓய்வு பெற்றார். அடுத்தது யார்?

ஒருவர் டேவிட் லெட்டர்மன். கார்சன் நிகழ்ச்சி முடிந்ததும் வரும் அடுத்த நிகழ்ச்சியை, 1982 முதல் நடத்தியவர்.

இன்னொருவர் ஜே லெனோ. கார்சன் வராத நாட்களில் அவருக்குப் பதிலாக நடத்தியவர்.

நாற்காலி லெனோவுக்குக் கிடைத்தது. லெட்டர்மன் மனம் உடைந்தார். 1993-ல் சி.பி.எஸ். நிலையத்துக்குப் போய், அதே நேரத்தில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார்.

2009-ல் லெனோவின் இடத்துக்கு வந்த கோனன் ஓ பிரையன் நிலைமை இன்னும் மோசம். எட்டு மாதம் கூட முடியவில்லை. 2010-ல் அவர் வெளியேற, லெனோவே திரும்பி வந்தார்!

கார்சன் என்ன செய்தார்?

லெனோவின் நிகழ்ச்சிக்குக் கார்சன் ஒரு தடவை கூடப் போகவில்லை.

ஆனால் 1994-ல் லெட்டர்மனின் மேடைக்கு வந்தார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. லெட்டர்மனின் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்தார். சொற்பொழிவு எதுவும் செய்யாமல் போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே சிரிப்புத் துணுக்குகள் எழுதி, லெட்டர்மனுக்கு அனுப்பி வந்தார். அவற்றில் சிலவற்றை லெட்டர்மன் மேடையில் சொன்னார். அவை கார்சன் எழுதியவை என்பது மக்களுக்குத் தெரியாது.

2005 ஜனவரி 23-ந் தேதி கார்சன் காலமானார்.

ஜனவரி 31-ந் தேதி இரவு, லெட்டர்மன் மேடைக்கு வந்தார். வழக்கம்போல் துணுக்குகளைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னார்: அன்று அவர் சொன்ன துணுக்குகள் எல்லாமே கார்சன் எழுதி அனுப்பியவை!

கார்சனின் நாற்காலி லெட்டர்மனுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் மாமியாரின் கைப்பக்குவம் அவருக்குத்தான் கிடைத்தது!