சிலை என்று பெட்டியில் வந்த பிஷப்

 வட அயர்லாந்தில் கோல்ரெயினிலிருந்து டெர்ரிக்குப் போகும் ரயில், டவுன்ஹில் என்ற கடலோர ஊரில் மலையைக் குடைந்த குகைப்பாதைகளுக்குள் நுழைகிறது. 1846-ல் வெடிமருந்து வைத்துத் தகர்த்த பாறை அது. அதன் உச்சியில், செங்குத்துச் சரிவின் விளிம்பில், ரோமாபுரிக் கோயில் மாதிரி ஒரு வட்ட மண்டபம் நிற்கிறது. கோயில் அல்ல, நூலகம்! அந்த இடத்தில் உட்கார்ந்து படிக்க ஆசைப்பட்டவர் டெர்ரியின் ஆங்கிலிக்கன் பிஷப், ஃபிரெடரிக் ஹார்வி.

1730-ல் இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். அங்கே பட்டமும் சொத்தும் மூத்தவருக்குத்தான். இவர் பாதிரியாரானார். அண்ணனின் செல்வாக்கில் 1767-ல் பிஷப் பதவி. அடுத்த ஆண்டே வருமானம் மிகுந்த டெர்ரி. அண்ணன்மார் இருவரும் வாரிசின்றி மறைய, 1779-ல் பிரிஸ்டல் பிரபு பட்டமும் வந்து சேர்ந்தது.

பணம் வந்ததும் இத்தாலிக்குக் கிளம்பிவிடுவார். ஓவியம், சிலை, பழம்பொருள் என்று வாங்கிக் குவிப்பார். வெசூவியஸ் எரிமலையை வேடிக்கை பார்க்கப் போய்க் கல் பட்டுக் கையில் காயம்பட்டதும் உண்டு. அவர் தங்கிய விடுதிகளுக்கு மவுசு கூடியதாம். ஐரோப்பாவில் பல ஓட்டல்களுக்கு 'பிரிஸ்டல்' என்று பெயர் வந்தது அவரால்தான் என்பார்கள். இதற்கெல்லாம் படியளந்தது அயர்லாந்துக் குத்தகை நிலம். ஆண்டுக்கணக்கில் தன் மறைமாவட்டத்தை எட்டிப் பார்க்காத பிஷப்பை எனக்கு மெச்சத் தோன்றவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். சட்டம் அவர்களை ஒடுக்கி வைத்திருந்த காலம். இவர் அவர்களுடைய உரிமைக்காகப் பேசினார். பக்கத்தில் அவர்களுக்குத் தேவாலயம் இல்லை என்பதால், 1785-ல் முடிந்த அந்த மண்டபத்தின் அடித்தளத்திலேயே பூசை நடத்திக்கொள்ள இடம் கொடுத்தார். மேலே ஆங்கிலிக்கன் பிஷப்பின் புத்தகங்கள், கீழே கத்தோலிக்கப் பூசை. அன்றைக்கு அது சாதாரணக் காரியமா?

கலைச்செல்வங்களை வைக்க இங்கிலாந்தில் இக்வொர்த் என்ற இடத்தில் 1795-ல் மாளிகை தொடங்கினார். நடுவில் நூறடிக்கு மேல் உயர்ந்த நீள்வட்டக் கட்டடம். அது முடியுமுன்பே, 1798-ல் ரோமைப் பிடித்த பிரெஞ்சுப் படை அவர் சேகரித்த அத்தனையையும் பறித்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும்படி 300-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் கையெழுத்திட்டு மனுப்போட்டும் பயனில்லை. அவரையே மிலான் கோட்டையில் மாதக்கணக்கில் சிறை வைத்தார்கள். ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்த பெரிய பளிங்குச் சிலையைப் பின்னாளில் மகன் மீட்டு வந்தார். இன்றும் இக்வொர்த்தில் இருக்கிறது.

1803 ஜூலையில் ரோமுக்கு அருகே அல்பானோ சாலையில் பிஷப்புக்கு உடல்நிலை மோசமாகியது. வேற்றுச் சபைப் பிஷப் தன் வீட்டுக்குள் சாகக் கூடாது என்று ஒரு குடியானவர் மறுத்துவிட, வெளிக்கொட்டகையில் உயிர் பிரிந்தது. பிணம் ஏற்றினால் மாலுமிகள் அஞ்சுவார்கள் என்று, பழஞ்சிலை எனச் சீட்டு ஒட்டிப் பெட்டியைக் கப்பலில் அனுப்பினார்கள் என்று கதை. கல்லறை இக்வொர்த்தில்.

டவுன்ஹில் மாளிகை இன்று கூரையில்லாத சுவர்கள்தான். மண்டபம் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் குதிரை வண்டி ஓட்டலாமாம். கடல் அரித்து அரித்து விளிம்புக்கே வந்துவிட்டது. 1997-ல் சரிவைப் பலப்படுத்தும் வேலை செய்திருக்கிறார்கள். கீழே ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.