யார் அனுப்பிய நிரல் இது?

ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் சுழலும் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. காற்றுக்கேற்ப இறக்கையைத் திருப்புவதும் வேகம் மிஞ்சினால் நிறுத்துவதும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளின் வேலை. அவற்றில் ஓடும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இந்த மாதிரிக் கருவிகளுக்குப் புது ஃபர்ம்வேரைத் தொலைவிலிருந்தே அனுப்பலாம். வசதிதான். ஆனால் அதே வழியில் வேண்டாதவனும் அனுப்பலாமே?

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று அனுப்பினார்கள். மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் மின்சாரத்தைத் துண்டித்ததோடு நிற்கவில்லை. துணைமின் நிலையங்களில் இருந்த தகவல் மாற்றிக் கருவிகளின் ஃபர்ம்வேரையும் கெடுத்து எழுதினார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில் தவித்தார்கள். ஊழியர்கள் நேரில் போய்க் கையால் இயக்கித்தான் மின்சாரத்தை மீட்டார்கள். வந்தது யாருடைய ஃபர்ம்வேர் என்று அந்தக் கருவிகள் கேட்கவே இல்லை.

அப்படிக் கேட்பதற்குத்தான் பாதுகாப்பு பூட்லோடர். மின்சாரம் வந்ததும் சில்லில் முதலில் ஓடும் சிறு நிரல் அது. தயாரிப்பாளர் தம் ஃபர்ம்வேர் முழுவதையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் போட்டு 32 பைட் சுருக்கம் எடுப்பார். அதன்மேல் தம் ரகசியச் சாவியால் கையொப்பம் இடுவார். சில்லிடம் இருப்பதோ பொதுச் சாவி. அதைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகப் போட முடியாது. பதிவான பத்திரத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினால் அது செல்லாமல் போவதுபோல, ஒரு பிட் மாறினாலும் சுருக்கம் பொருந்தாது. பூட்லோடர் நிரலை ஓடவிடாது.

திருடன் பொதுச் சாவியையே மாற்றிவிட்டால்? அதனால்தான் அதையோ அதன் சுருக்கத்தையோ, ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத ஃபியூஸ்களில் பொறிக்கிறார்கள். இன்னொரு தந்திரம் எனக்கு இதைவிடச் சுவாரசியமானது: ஓட்டை உள்ள பழைய பதிப்பை மறுபடி ஏற்றுவது. அதில் இருப்பது அசல் கையொப்பம், சோதனையில் தேறிவிடும். ஆகவே பதிப்பு எண்ணை முன்னே மட்டும் நகரவிடும் எண்ணி (கவுண்டர்) ஒன்றும் தேவை. இவ்வளவும் செய்துவிட்டு, பழுது பார்க்கும் டீபக் போர்ட்டைப் பூட்டாமல் விடுகிறவர்களும் உண்டு!

நம்பிக்கை சிலிக்கானிலேயே தொடங்க வேண்டும் என்பதால், சில்லை யார் வடிவமைக்கிறார்கள் என்பதும் முக்கியம். சென்னை ஐஐடியில் சக்தி செயலிகள் உருவாயின. அங்கே வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம், ‘செக்யூர் ஐஓடி’ என்ற 700 மெகாஹெர்ட்ஸ் சில்லை 2024 மே மாதம் அறிமுகப்படுத்தியது.

ரகசியச் சாவி களவு போனால் கதை வேறு. 2023-ல் கணினித் தயாரிப்பாளரான எம்எஸ்ஐயின் கையொப்பச் சாவிகள் இணையத்தில் கசிந்தன. சாவியைப் புதிதாக உருவாக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் விற்றுப்போன இயந்திரங்களில் பொறித்த ஃபியூஸை யாரும் திரும்ப எழுத முடியாது. அதனால் சில சில்லுகளில் இரண்டு மூன்று சாவிகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி, கசிந்ததை ரத்து செய்ய வழி வைக்கிறார்கள்.