நோய் தணிந்தது, வெம்மை தணியவில்லையே!

அறுவை மருத்துவம் முடிந்தது, கீமோதெரபி முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. உதிர்ந்த கூந்தல் மீண்டும் துளிர்க்கத் தொடங்கிவிட்டது. "இனி அஞ்ச வேண்டாம் அம்மா; நாள்தோறும் இந்த ஒரு மாத்திரையை மட்டும் தவறாமல் சாப்பிட்டு வாருங்கள்" என்று மருத்துவர் விடைகொடுத்து அனுப்புகிறார். உற்றார் உறவினர் மகிழ்கின்றனர். ஊராரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர்.

சில வாரங்கள் செல்கின்றன. அந்தத் தாய் அடுப்படியில் நிற்கும்போதோ, ஞாயிறு திருப்பலியில் கூட்டத்தினிடையே அமர்ந்திருக்கும்போதோ, நெஞ்சிலிருந்து கனல் ஒன்று கிளம்பிக் கழுத்தையும் முகத்தையும் பற்றுகிறது. நெற்றி வியர்க்கிறது; நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடங்களில் வெம்மை அடங்கியதும், நனைந்த இரவிக்கையோடு உடல் குளிர்ந்து நடுங்குகிறது. இரவிலோ இருமுறை மும்முறை எழுந்து உடைமாற்ற வேண்டியிருக்கிறது. விடிந்தபின் உறக்கமின்மையால் தலை கனக்கிறது. சிறு சொல்லும் சினமூட்டுகிறது.

மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற பெண்மணிகளுள் பலர் இத்துன்பத்தை அனுபவிக்கின்றனர். ஆனால் வெளியே சொல்வோர் சிலரே. "உயிரே மீண்டு வந்திருக்கிறது, வியர்வையைப் போய் மருத்துவரிடம் முறையிடுவதா?" என்று தமக்குள்ளேயே அடக்கிக்கொள்கின்றனர். இவ்வடக்கம் பொறுமையைப் போலத் தோன்றினும், சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. வெம்மை தாங்காமல், யாரிடமும் சொல்லாமல், அந்த மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அதனாலேயே இதனைக் குறித்து நம் குடும்பங்களோடு மனந்திறந்து பேச விழைகிறோம்.

இச்சூடு எங்கிருந்து எழுகிறது?

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு உறுப்பு இருக்கிறது. உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது அதன் பணிகளுள் ஒன்று. உடற்சூடு சற்றே ஏறினாலும் இறங்கினாலும் அது பொருட்படுத்துவதில்லை, ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இடம் கொடுக்கும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்புநீர் குறைந்துவிடும்போது, இந்தப் பொறுமை அற்றுப்போகிறது. எறும்பு ஊர்ந்தாலும் கள்வன் வந்தான் எனக் கூவும் காவற்காரனைப் போல, அணுவளவு சூடேறினாலும் உடலைக் குளிரவைக்கக் கட்டளை பிறக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வியர்வை கொட்டுகிறது. தேவைக்கு மேல் குளிர்ந்துவிட்டதால் பின்னர் நடுக்கம் காண்கிறது.

மாதவிடாய் இயல்பாக நிற்கும் பருவத்திலும் இது நேர்வதே. நம் நாட்டில் அது பெரும்பாலும் 46, 47 வயதளவில் படிப்படியாக வருகிறது. புற்றுநோய் மருத்துவத்திலோ அது திடீரென வருகிறது. 35 வயதிலும் வரலாம். கீமோதெரபியால் கருப்பையின் அருகிலுள்ள சூலகங்கள் செயலிழக்கலாம். சிலருக்கு ஊசியாலோ அறுவையாலோ சூலகங்களின் இயக்கமே நிறுத்தப்படுகிறது. டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கின்றன அல்லது அது உண்டாவதையே குறைக்கின்றன. படிப்படியாக இறங்க வேண்டிய மாடியிலிருந்து குதிக்க நேர்ந்தால் அடி பலமாக விழுவது இயற்கைதானே!

மாத்திரையை நிறுத்தலாமா?

"இங்கிலீஷ் மருந்து சூடு, அதனால்தான் உனக்கு இப்படி வேர்க்கிறது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்" என்று அக்கம்பக்கத்தார் அன்போடு அறிவுரை கூறுவதுண்டு. நம் மக்களிடையே ஊறிப்போன எண்ணம் இது. இளநீர் பருகியும் எண்ணெய் தேய்த்துக் குளித்தும் தணிக்கும் சூடன்று இச்சூடு. மருந்து தன் வேலையைச் செய்வதால் உண்டாகும் பக்கவிளைவு இது.

மார்பகக் கட்டிகளுட் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனை உண்டு வளர்கின்றன. 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவர், சூலகங்களை அகற்றியபின் மார்பகப் புற்றுநோய் சுருங்கியதைக் கண்டு எழுதினார். 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியல் பெண்மணி டமாக்சிஃபெனைத் தயாரித்தார். கருத்தடை மருந்து தேடும் ஆராய்ச்சியில் பிறந்த அப்பொருள், பின்னர் எண்ணற்ற பெண்களின் உயிர்காக்கும் மருந்தாயிற்று. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் தன்மையுள்ள புற்றுநோய்க்கு ஐந்தாண்டுகள் இம்மருந்தை உண்டால், முதல் பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட உண்மை. சிலருக்குப் பத்தாண்டுகள் வரையிலும் மருத்துவர் இதனைத் தருகிறார்.

ஆதலின் நாம் வற்புறுத்திச் சொல்வது இதுவே: தாமாக மாத்திரையை நிறுத்தவேண்டாம், தாங்க முடியாத துன்பத்தை மறைக்கவும் வேண்டாம். மருந்தளிக்கும் நேரத்தை மாற்றலாமா, வேறு மாத்திரைக்கு மாறலாமா, வெம்மையைத் தணிக்க மருந்து உண்டா என்பவற்றை மருத்துவர் ஆராய்ந்து சொல்வார். அவருக்குத் தெரிந்தால்தானே வழி பிறக்கும்?

எல்லா வியர்வையும் ஒன்றன்று

இரவு வியர்வைக்கு வேறு காரணங்களும் உண்டு. மாலைக் காய்ச்சல், இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல், உடல் மெலிவு ஆகியவற்றோடு வியர்த்தால் காசநோயா என்று பார்க்கவேண்டும். தைராய்டுச் சுரப்பி மிகுதியாக வேலை செய்தாலும் வியர்க்கும். நீரிழிவுக்கு மருந்துண்பவர்க்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். கீமோதெரபி நடைபெறும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். டமாக்சிஃபென் உண்பவருக்கு, மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, அதனையும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு பழைய நோட்டுப் புத்தகம். இரண்டு வாரங்களுக்கு வெம்மை எழுந்த நேரம், அதற்கு முன் உண்டது, செய்தது, இரவில் விழித்த முறை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். சிலருக்குக் கொதிக்கும் காப்பி தூண்டுகோலாகும். சிலருக்குக் காரக் குழம்பு. சிலருக்குப் பரபரப்பும் மனத்தாங்கலும். தமக்குரிய தூண்டுகோலை அறிந்தவர் அதனை மட்டும் விலக்கினால் போதும். பிறர் விலக்கியதையெல்லாம் விலக்கி உணவைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. காப்பியை ஆற்றிக் குடித்தாலே பயன் காண்பவரும் உண்டு.

உடை பருத்தியாக இருக்கட்டும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் வியர்வையை உறிஞ்சுவதில்லை. இரவில் கனத்த ரப்பர் மெத்தையைவிடக் கோரைப்பாயும் பருத்தி விரிப்பும் நலம். தலைமாட்டில் மாற்றுடை ஒன்று, சிறு துண்டு ஒன்று, மண்பானைத் தண்ணீர் ஒரு செம்பு, மின்சாரம் தடைப்பட்டால் உதவப் பனையோலை விசிறி ஒன்று ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டால், இருட்டில் எழுந்து தேடி உறக்கத்தை முற்றும் கலைத்துக்கொள்ள நேராது. அடுப்பு வேலையை இயன்றவரை வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளலாம். கோயிலிலும் திருமண மண்டபத்திலும் வாயிலோரமோ மின்விசிறியின் அருகிலோ அமரலாம், அதற்கு நாணவேண்டியதில்லை.

நாள்தோறும் நடப்பது உறக்கத்துக்கும் உள்ளத்துக்கும் நல்லது. உடற்பருமன் மிகுந்தவர் எடையைக் குறைத்தால் வெம்மையும் குறையக்கூடும்.

நாட்டு மருந்துகளைப் பற்றி ஒரு சொல். சோயாவிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரை, பிளாக் கோஹாஷ் என்னும் மேனாட்டு மூலிகை ஆகியவை மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் ஆராயப்பட்டபோது, வெறும் மாவு மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற, பெண்களுக்கெனவே விற்கப்படும் சூரணங்களையும் லேகியங்களையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணவேண்டாம். இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது ஆகிவிடாது.

மூச்சும் மனமும்

2012-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், மார்பகப் புற்றுநோய் மருத்துவத்துக்குப்பின் இவ்வாறு துன்புற்ற 96 பெண்களிடம் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமாக ஆறு வாரங்கள் குழுவாகக் கூடினர். மெதுவாக மூச்சுவிடுதல், உறக்கத்தைச் சீர்செய்தல், 'எல்லாரும் என்னையே பார்க்கின்றனர்' என்பன போன்ற எண்ணங்களை ஆராய்ந்து மாற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பயின்றனர். வெம்மை எழுந்த தடவைகள் பெரிதும் குறைந்தன என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதனால் விளைந்த தொல்லை, ஆறு மாதங்களுக்குப் பின்னரும், பயிற்சி பெறாதவர்களைவிட இவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. சூடு எழும்போது தோள்களைத் தளர்த்தி, வயிறு அசையுமாறு மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுதலை எவரும் எவ்விடத்திலும் செய்யலாம். காசும் வேண்டா, கருவியும் வேண்டா.

மருத்துவர் தரக்கூடிய உதவி

இவற்றால் தணியாத வெம்மைக்கு மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் வென்லாஃபாக்சின் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் உண்டவர்களுக்கு வெம்மை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. மாவு மாத்திரை உண்டவர்களுக்கு 27 விழுக்காடே குறைந்தது. வலிப்புக்குத் தரப்படும் காபாபென்டின், சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவையும் பயன்படுகின்றன. சீட்டில் எழுதியிருப்பது மனநோய்க்குரிய மருந்து என்று எவரேனும் சொல்லக் கேட்டு மருளவேண்டாம். ஒரு மருந்துக்கு ஒரே வேலைதான் என்பதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வு மருந்துகளுள் பராக்ஸிடின், ஃபுளுவாக்ஸிடின் ஆகியவை டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கின்றன. ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும், தாம் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் சென்று காட்டவேண்டும்.

இயல்பாக மாதவிடாய் நின்றவர்க்குத் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இவர்களுக்குப் பொதுவாக ஏற்றதன்று. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அதனை அளித்துப் பார்த்த சுவீடன் நாட்டு ஆய்வு, நோய் மீண்டும் தோன்றுதல் மிகுந்ததால் 2003-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது.

அண்மையில் புதுவழி ஒன்றும் திறந்துள்ளது. ஹைப்போதலாமஸில் அந்தக் காவற்காரனைத் தூண்டிவிடும் நரம்புகளையே அமைதிப்படுத்தும் எலின்சானடன்ட் என்னும் மருந்து, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை உண்ணும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் வெம்மையைக் கணிசமாகக் குறைத்தது என 2025-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. அது ஈஸ்ட்ரோஜன் அன்று. நமக்கு அது கிடைக்குமா, பொருந்துமா என்பதை மருத்துவரிடமே கேட்டறியலாம்.

குடும்பத்தார்க்கு

கணவர்மார்களே, நள்ளிரவில் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டுச் சற்று நேரத்தில் நிறுத்தச் சொல்லும் மனைவியிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் உண்மையான தேவைகளே. உங்களுக்குக் குளிர்ந்தால் தனிப் போர்வை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பத்திய உறவில் அவருக்கு வறட்சியும் வலியும் தோன்றக்கூடும். அதனை வெறுப்பு என்று எண்ணிவிடவேண்டாம். அதுவும் மருத்துவரிடம் கூறத்தக்க செய்தியே.

மாமியார்களே, "நாங்களெல்லாம் இந்த வயதைக் கடக்கவில்லையா?" என்று கேட்கத் தோன்றும். நீங்கள் கடந்தது மெதுவாக. உங்கள் மருமகள் கடப்பது ஒரே பாய்ச்சலில். வளர்ந்த பிள்ளைகளே, அம்மா சிடுசிடுப்பது உங்கள்மேல் உள்ள கோபத்தாலன்று, உறங்காத இரவுகளால். காலைச் சமையலில் ஒரு கை கொடுங்கள்.

மருந்துக்கடைச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் வீட்டில் ஒருவரேனும் கவனித்து வருதல் நன்று. அட்டை தீராமல் இருக்கக் கண்டால் கடிந்துகொள்ளாமல், "என்ன தொந்தரவு செய்கிறது?" என்று பரிவோடு கேளுங்கள். அக்கேள்விக்காகவே அவர் பல நாள் காத்திருக்கலாம்.

அடையாறு, வேலூர் போன்ற இடங்களின் பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவிலிருந்து செல்வோர்க்கு, மருத்துவரின் முன் அமரும் நேரம் சிறிது. சொல்ல எண்ணியது மறந்துபோகும். ஆதலின் அடுத்த முறை செல்லும்போது ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொள்ளுங்கள்: நாளைக்கு எத்தனை முறை வெம்மை எழுகிறது; இரவில் எத்தனை முறை உறக்கம் கலைகிறது; மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போயிற்று. கூச்சமாயின் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உடன் செல்பவர் அதனை நினைவூட்டட்டும்.