ஊர்ப் பணத்துக்கு ஊரே எஜமான்!

பேரிகை என்றால் முரசு. சூளகிரி ஒன்றியத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. பாகலூர் வழியாக வரும் சாலை இந்த ஊரைத் தொட்டுவிட்டு மாலூர்ப் பக்கம் போகிறது. கடைத்தெருவில் நின்றால் தமிழ் கேட்கும், தெலுங்கு கேட்கும், கன்னடமும் கேட்கும். ஒருவரே மூன்றையும் பேசுவார்.

சுற்றிலும் தோட்டங்கள். தக்காளி, கோஸ், கொத்தமல்லி, ரோஜா. ஓசூர்ப் பக்கம் போனால் தொழிற்சாலைகள். அசோக் லேலண்டு அங்கே 1980ல் ஆலை திறந்தது. அதன் பிறகு ஆலைகள் பெருகிக்கொண்டே போயின. கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கேள்வி. பஞ்சாயத்துக்கு வரும் பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வது? தெருவிளக்கா? சாக்கடையா? பக்கத்துக் குக்கிராமத்துக்குத் தண்ணீர்க் குழாயா?

பிரசிடெண்டு சொல்வதுதான் முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். பி.டி.ஓ. ஆபீசில்தான் முடிவாகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24ந் தேதி அமுலுக்கு வந்தது. கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்தது அப்போதுதான். மறு வருஷம் தமிழ்நாடு தன் ஊராட்சிச் சட்டத்தை இயற்றியது.

கிராம சபை என்பது யார்? தலைவர் அல்ல, உறுப்பினர்களும் மட்டும் அல்ல. அந்தப் பஞ்சாயத்தின் ஓட்டர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும்தான் கிராம சபை. மாடு மேய்க்கும் பாட்டிக்கும் அதில் இடம் உண்டு. ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கும் பெண்ணுக்கும் உண்டு.

அதன் வேலை என்ன? ஊரின் வருஷாந்திரத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது; வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது; தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது; நடக்கும் வேலைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கேட்பது. எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் பட்ஜெட்டை நிறைவேற்றுகிறார்கள் அல்லவா? ஊர் பட்ஜெட்டுக்கு ஊர் மக்களே எம்.எல்.ஏ.க்கள்!

ஆனால் தலைகள் வேண்டும். 500 பேர் வரை உள்ள பஞ்சாயத்தில் 50 பேராவது வர வேண்டும். 3,000 பேர் வரை என்றால் 100 பேர். 10,000 பேர் வரை என்றால் 200 பேர். அதற்கு மேல் போனால் 300 பேர். அத்தனை பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது.

முரசும் ஒலிபெருக்கியும்

கூட்டம் எப்போது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. வெகு காலமாக இந்த நான்கு நாள்தான். 2022ல் மேலும் இரண்டு நாட்களைச் சர்க்கார் சேர்த்தது. ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். மற்றொன்று நவம்பர் 1, உள்ளாட்சி தினம்.

இதில் ஒரு சங்கதி கவனிக்கத் தக்கது. பழைய நான்கு நாளும் விடுமுறை நாட்கள். ஆலைத் தொழிலாளி வீட்டில் இருப்பார், வந்து உட்காரலாம். புதிய இரண்டு நாளும் அப்படி இல்லை. ஷிப்டுக்குப் போனவர் எப்படி வருவார்? தண்ணீரைப் பற்றிப் பேச என்று வைத்த நாளில் பாதி ஊர் கம்பெனி பஸ்ஸில் இருக்கும்.

முன்பெல்லாம் தண்டோரா போட்டுக் கூட்டத்தை அறிவித்தார்கள். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் அந்த வேலையை ஒரு சாதியார் தலையிலேயே கட்டி வைத்திருந்தார்கள். அது வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று 2022ல் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதினார். நல்ல காரியம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி. இவை பஞ்சாயத்தின் சொந்த வருமானம். எல்லைக்குள் ஆலைகள் இருக்கும் பஞ்சாயத்துக்கு இந்த வரவு கொஞ்சம் கனமாக இருக்கும். வெறும் வானம் பார்த்த பூமியாக உள்ள பஞ்சாயத்துக்கு மிக மெலிந்து இருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஓசூர் வட்டாரத்தில் சாதாரணம்.

அடுத்து, மாநில சர்க்கார் தன் சொந்த வரி வருமானத்தில் ஒரு பங்கைப் பிரித்துத் தருவது. அதற்கு அடுத்து மத்திய நிதிக் கமிஷன் மானியம். 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை தந்த மானியத்தில் ஒரு நிபந்தனை வைத்தது. 100 ரூபாய் வந்தால் அதில் 60 ரூபாயைக் குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும். மீதி 40 ரூபாய்க்கு ஊர் தன் தேவையைத் தானே சொல்லலாம். சம்பளம் கொடுக்க மட்டும் அதைத் தொடக் கூடாது.

ஆக, ஊர் தீர்மானிக்கும் பணம் மொத்தப் பணம் அல்ல. கொஞ்சம்தான். இருந்தாலும், கொஞ்சப் பணத்துக்குத்தான் சண்டை அதிகம்!

20 லட்சமும் குக்கிராமமும்

2006ல் தமிழக சர்க்கார் ஒரு பெரிய திட்டம் போட்டது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று பெயர். ஐந்து வருஷத்தில் எல்லாப் பஞ்சாயத்துக்கும் தலா ரூ.20 லட்சம். நூலகம், விளையாட்டு மைதானம், குளம் சீரமைப்பு, சுடுகாட்டு வசதி எல்லாம் அதில் அடங்கும்.

எல்லோருக்கும் சமமாக 20 லட்சம். இதைவிட நியாயம் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது.

இரண்டே குக்கிராமம் உள்ள பஞ்சாயத்துக்கும் 20 லட்சம். இருபது குக்கிராமம் சிதறிக் கிடக்கும் பஞ்சாயத்துக்கும் அதே 20 லட்சம். இரண்டாவது பஞ்சாயத்தில் பணம் எங்கே போகும்? பெரிய ஊருக்குத்தான் போகும். அங்கேதான் ஓட்டு அதிகம், கூட்டத்துக்கு வருகிறவர்களும் அதிகம். மலையடிவாரத்தில் முப்பது வீடு உள்ள இடத்துக்குத் தெருவிளக்கு வராது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் இப்படிச் சிதறிய குக்கிராமங்கள் ஏராளம்.

2011ல் ஆட்சி மாறியது. புதிய சர்க்கார் 'தாய்' என்று வேறொரு திட்டம் கொண்டுவந்தது. குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் பிரித்தார்கள். குறை உணரப்பட்டதற்கு இதுவே சாட்சி. 2021ல் மறுபடியும் ஆட்சி மாறியது. பழைய திட்டம் இரண்டாம் பாகமாகத் திரும்பியது. திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். குக்கிராமத்துக்காரர் கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்று கேட்டால் ஒழிய, எந்தத் திட்டத்திலும் அவருக்குக் கடைசி இடம்தான்.

கல் துண்டு செய்த கலகம்

திருவள்ளூர் ஜில்லாவில், பூந்தமல்லிக்குப் பக்கத்தில் குத்தம்பாக்கம் என்று ஓர் ஊர். 1996ல் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராக இளங்கோ என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ரசாயன என்ஜினீயர். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து, படித்து, சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

ஊருக்குச் சாக்கடை கட்ட வேண்டும். காண்டிராக்டர், சிமெண்டு, ஜல்லி என்று திட்டம் தயாராக இருந்தது. இளங்கோ வேறு யோசனை செய்தார். கிரானைட் கல்லை மெருகு போடும் ஆலைகளில் துண்டுக் கற்கள் வீணாகக் குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து ஊர் ஆட்களை வைத்தே சாக்கடை கட்டினார். செலவு வெகுவாகக் குறைந்தது. கூலியும் ஊருக்குள்ளேயே நின்றது.

பாராட்டு வந்திருக்க வேண்டும். வந்தது சஸ்பெண்டு உத்தரவு! மஞ்சூர் செய்த திட்டப்படி வேலை நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

பணத்தை மிச்சம் பிடித்ததற்குத் தண்டனையா என்று ஊர் கேட்டது. விஷயம் கிராம சபைக்கு வந்தது. மக்கள் தலைவர் பக்கம் நின்றார்கள். பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 2001ல் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் ஒரே சுவரைப் பங்கிட்டு வாழும் இரட்டை வீடுகளும் அந்த ஊரில்தான் எழுந்தன.

கிருஷ்ணகிரி வட்டாரம் கிரானைட் பூமி. கல் துண்டுக்கு இங்கே பஞ்சம் இல்லை. அதைச் சாக்கடைக்கு வைக்கலாம் என்று சபையில் சொல்ல ஆள் வேண்டும். சொன்னவரைக் காப்பாற்றச் சபையும் வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பேரிகைக்காரர்களுக்குக் கர்நாடகம் அன்னிய தேசம் அல்ல. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேதான். அந்த மாநிலத்தில் 1983ல் ராமகிருஷ்ண ஹெக்டே முதல் மந்திரியாக இருந்தபோது பஞ்சாயத்து மந்திரியாக இருந்தவர் அப்துல் நசீர் சாப். வறட்சிக் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டுத் தள்ளியவர். அதனால் ஜனங்கள் அவரை 'நீர் சாப்' என்றே அழைத்தார்கள்.

கிணறு போட்டதோடு அவர் நிற்கவில்லை. பணமும் அதிகாரமும் கீழே போக வேண்டும் என்று புதிய சட்டம் கொண்டுவந்தார். அதன்படி 1987ல் தேர்தல் நடந்தது. நான்கில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே இது நடந்தது. இன்று தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு. அந்தச் சட்டம் 2016ல் வந்தது.

மைக் ஒன்று, வாய் ஆயிரம்

கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17ந் தேதி, ஆவணி மாதப் பிறப்பன்று, மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே கொடுத்துவிட்டார்கள். முதல் சுற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் சபைகளுக்கு வந்தார்கள்.

அங்கே செய்த ஒரு தந்திரம் இங்கேயும் உதவும். பெரிய கூட்டத்தில் மைக் ஒன்றுதான் இருக்கும். அதைப் பிடித்தவர் விட மாட்டார். கூச்சப்படுகிறவர் வாயே திறக்க மாட்டார். எனவே வந்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். விவசாயத்துக்கு ஒரு குழு, தண்ணீருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. வட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் பேசுவார்கள்.

கடல் தாண்டி, பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே என்று ஒரு பட்டணம். 1989ல் அங்கே நகரசபைப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று பேட்டைவாசிகளையே கேட்டார்கள். வெறும் கை தூக்கல் அல்ல. எந்தப் பேட்டையில் சாக்கடை இல்லையோ, ரோடு இல்லையோ, அதற்கு மார்க்கு அதிகம். ஜனத்தொகைக்கும் மார்க்கு. கூட்டிப் பார்த்துப் பணம் பிரித்தார்கள். ஏழைப் பேட்டைகளுக்குச் சாக்கடை வந்தது. பின்னாளில் ஆட்சிகள் மாறி அந்த ஏற்பாடு மங்கியது வேறு கதை. நம் குக்கிராமத்துச் சிக்கலுக்கு அந்த மார்க்கு முறை நல்ல மருந்து.

இந்த யோசனைக்கெல்லாம் அவ்வளவு தூரம் போவானேன், உத்திரமேரூர்க் கல்வெட்டு இல்லையா என்று சிலர் கேட்பார்கள். 919, 921ம் வருஷங்களில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது அது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பிரித்து, குடவோலை எடுத்து ஆள் தேர்ந்தெடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது! ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. பெண்ணுக்கும் இடம் இல்லை, உழுகிறவருக்கும் இடம் இல்லை. பேரிகையின் சபையில் இருவருக்கும் இடம் உண்டு.

சபைக்கு எட்டாதது

எல்லாவற்றையும் ஊர் தீர்மானித்துவிட முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதைக் குடித்தால் பல் காவியேறும். நாளாவட்டத்தில் எலும்பும் வளையும். இதற்காக ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். ரூ.1,928 கோடிச் செலவு. 2013ல் தொடங்கி வைத்தார்கள். எந்தக் கிராம சபையாலும் அதைச் செய்ய முடியாது. ஆனால் வந்த தண்ணீருக்குத் தெருக் குழாய் எங்கே, தொட்டியை யார் கழுவுவது, குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஊர் பேசி முடிக்க வேண்டியவை.

இன்னொரு குறையும் உண்டு. ஆலை வேலைக்காக ஒரிசா, பீகார் முதலிய இடங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் மிகுதி. சாக்கடையும் தண்ணீரும் அவர்களுக்கும் வேண்டும். ஓட்டு இங்கே இல்லை, ஆகவே சபையிலும் இடம் இல்லை. அவர்கள் குடியிருக்கும் சந்தை யாராவது நினைவில் வைத்துச் சொன்னால்தான் உண்டு.

தலைவர் இல்லாத போது

2016 அக்டோபர் முதல் மூன்று வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளில் தேர்ந்தெடுத்த தலைவர்களே இல்லை. தனி அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 ஜில்லாக்களில் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ந் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள்.

தலைவர் பதவி காலியாகலாம். கிராம சபைக்குக் காலாவதி கிடையாது. ஓட்டர் பட்டியல் உள்ளவரை அது உண்டு. தனி அதிகாரி இருந்தாலும் அவர் சபை முன் கணக்கைப் படித்தாக வேண்டும்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலிலேயே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தக் கையெழுத்து வந்ததற்குத்தான் அடையாளம், தீர்மானத்துக்குச் சம்மதம் அல்ல. தீர்மானப் புத்தகம் வேறு. என்ன எழுதியிருக்கிறது என்று உரக்கப் படிக்கச் சொல்லலாம். படிக்கத் தெரிந்தவர் வாங்கிப் பார்க்கலாம். தன் தெருச் சாக்கடை அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டீயும் பிஸ்கோத்தும் அப்புறம் சாப்பிடலாம்.