உட்கார்ந்தபடி ஓர் ஆட்டம்

மேடையில் ஒரு பாலே நடனமணி ஒற்றைக் காலின் நுனியில் சுழல்கிறாள். அவளை இயக்குபவர் எங்கோ ஓர் ஊரில், வீட்டு மேஜை முன்னால், கீபோர்டில் விரலை வைத்தபடி அடுத்த அசைவுக்கான இசை வரக் காத்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் மேடையில் சுழல்கிறாளே அவளும், கணினியின் கணக்குப்படி, உட்கார்ந்துதான் இருக்கிறாள்.

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தைச் சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்துவிட்டது. ஜெயிக்க வேண்டிய ஆட்டமோ, வீழ்த்த வேண்டிய எதிரியோ அங்கே வைக்கப்படவில்லை. கட்டடம், உடை, மேடை எல்லாவற்றையும் அங்கே புழங்கியவர்களே செய்துகொண்டார்கள். 2006-இல் அங்கே ஒரு பாலே குழு பிறந்தது. பின்னாளில் பாலே பிக்ஸெல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ஆட்டக்காரர்கள் நேரம் குறித்து ஒத்திகைக்கு வந்தார்கள். அங்கே தம்மைக் குறிக்கும் உருவமான அவதாரை அவரவரே, நிகழ்ச்சி நடக்கும்போதே இயக்கினார்கள். விரல் தவறினால் ஆட்டமும் தவறும். அதனால்தான் இதைத் தயங்காமல் அரங்கக் கலை என்கிறேன்.

ஓர் அசைவை எப்படிச் செய்கிறார்கள்? நிஜ நடனக் கலைஞரின் உடலில் குறிகளை ஒட்டிக் கேமராக்களால் பதிவு செய்யலாம். அல்லது கணினிப் பொம்மையின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி உருவாக்கலாம். எப்படிச் செய்தாலும் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் பி.வி.எச். என்ற எழுத்துக் கோப்பு. அதைத் திறந்தால் மேலே இடுப்பில் தொடங்கி மார்பு, கழுத்து, தோள், முழங்கை என்று எலும்புகளின் வம்சாவளி இருக்கும். கீழே வரிவரியாக எண்கள். ஒரு வரி, ஒரு கணம். அந்தக் கணத்தில் ஒவ்வொரு மூட்டும் மூன்று அச்சுகளில் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்ற கணக்கு. நொடிக்கு 30 வரி என்றால் 20 நொடி அசைவுக்கு 600 வரி. செகண்ட் லைஃபில் ஓர் அசைவு 60 நொடியைத் தாண்டக் கூடாது. எனவே நீண்ட நடனம் என்றால் இந்தத் துண்டுகளைச் சரியான கணத்தில் பூத்தொடுப்பதுபோல் தொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

இந்த எண்கள் அசைப்பது திரையில் தெரியும் உருவத்தை மட்டுமே. அவதார் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கை நிறுவனத்தின் மையக் கணினியான சர்வர் தனியாக வைத்திருக்கிறது. நடனமணி எவ்வளவு துள்ளினாலும் சர்வரைப் பொறுத்தவரை அவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அம்புக்குறி விசையை அழுத்தி மேடையைக் கடக்கலாம்தான், ஆனால் நளினம் போய்விடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை மேடையில் வைத்து அவதாரை அதன்மேல் உட்கார வைப்பார்கள். பொருளுக்குள் இருக்கும் நிரல் அதை வளைவு வளைவாக நகர்த்தும். உட்காரும் தோரணை ஓட வேண்டிய இடத்தில் நடன அசைவு ஓடும். நமக்குத் தெரிவது மிதந்து செல்லும் பாலே, சர்வருக்குத் தெரிவது நகரும் இருக்கை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. சர்வர் நமக்கு நடனத்தை அனுப்புவதே இல்லை. ‘இன்னார் இன்ன அசைவைத் தொடங்கிவிட்டார்’ என்ற தகவலைத்தான் அனுப்புகிறது. பார்ப்பவரின் கணினி அசைவுக் கோப்பைத் தானே இறக்கி, தானே ஓட்டிக்கொள்கிறது. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டரைக் கடக்க 50 மில்லிநொடி. விசையை அழுத்தியவரிடமிருந்து சர்வருக்கு, அங்கிருந்து நமக்கு, வழியில் இருக்கும் கருவிகளின் தாமதம் என்று சேர்ந்தால் கால் நொடி எளிதில் ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டில் அது அரைத் தட்டு. பாட்டும் தனி வழியாக, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேர்கிறது. அரங்கில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது நடனங்கள் நடக்கின்றன. அவற்றில் எது அசல் என்று யாராலும் காட்ட முடியாது. நடனம் அமைப்பவர் இதை உணர்ந்துதான், கொஞ்சம் பிசகினாலும் அழகு கெடாதபடி அமைக்க வேண்டியிருக்கிறது.

விரல்களின் கதை பரதம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும். செகண்ட் லைஃப் அவதாருக்குத் தொடக்கத்தில் விரல் எலும்பே கிடையாது. விரித்த கை, மூடிய கை, சுட்டும் கை என்று முன்பே செய்துவைத்த சில நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் சொல்லும் 28 ஒற்றைக் கை முத்திரைகளில் முஷ்டி தேறும். விரல்களைத் தாமரைபோல் விரிக்கும் அலபத்மத்துக்கு வழியில்லை. 2016 டிசம்பரில் பென்டோ என்ற புதிய எலும்புக்கூடு வந்த பிறகுதான் இரு கைகளுக்குமாக 30 விரல் எலும்புகள் கிடைத்தன.

இத்தனை குறையோடும் இந்த ஆட்டம் நடனமாகத் தெரிவதற்குக் காரணம் நம் கண்ணிடமும் மூளையிடமும் இருக்கிறது. ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்துப் படமெடுத்து, 1973-இல் அந்த ஆய்வை வெளியிட்டார். அசையாதபோது வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கியதுமே பார்த்தவர்களுக்கு மனிதர் தெரிந்துவிட்டார். முகமும் தோலும் இல்லாமலே மூட்டுகளின் அசைவிலிருந்து உயிரைக் கண்டுகொள்கிறோம். பி.வி.எச். கோப்பில் இருப்பதும் அந்த மூட்டுகள்தான்.

மெய்நிகர் கருவிகளை அணிந்து நுழையக்கூடிய விஆர்சாட் போன்ற உலகங்களில் ஆடுபவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். தலையில் ஒரு கருவி, கைகளில் இரண்டு, இடுப்பிலும் பாதங்களிலுமாக மூன்று. இந்த ஆறு புள்ளிகளை வைத்து முழங்காலும் முழங்கையும் எங்கே இருக்கும் என்று கணினி ஊகிக்கிறது. 2022-இல் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட ஜோ ஹன்டிங்கின் ‘வி மெட் இன் வர்ச்சுவல் ரியாலிட்டி’ ஆவணப்படம் முழுக்க விஆர்சாட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. அங்கே பெல்லி நடனம் கற்றுத்தரும் ஓர் ஆசிரியை அதில் வருகிறார்.

என் கவலை வேறு. இந்த நடனங்களை வீடியோ எடுத்தால் ஐம்பதில் ஒன்றுதான் கையில் கிடைக்கும். அசைவுக் கோப்பு, எது எப்போது என்ற குறிப்பு, இசை, இருக்கையை நகர்த்திய நிரல் எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் இன்னொரு நாள் அதை மறுபடி ஆட முடியும். ஆடுபவர்கள் அவற்றைத் தங்கள் கணினியிலும், முடிந்தால் ஒரு நூலகத்திலும் சேர்த்துவைக்க வேண்டும். அவற்றைச் சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்தை நம்பி விடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் தன் ஆல்ட்ஸ்பேஸ் விஆர் உலகத்தை மூடப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. மார்ச் 10-இல் மூடிவிட்டது.